30 விநாடி மஞ்சள்

பூட்ஸ் போடுகிறவர்கள் கவனித்திருப்பீர்கள். குதிகால் பக்கம் ஒரு சின்ன வார் நீட்டிக்கொண்டிருக்கும், விரலை விட்டு இழுத்துக் காலை நுழைப்பதற்கு. அதற்கு 'பூட்ஸ்ட்ராப்' என்று பெயர். அந்த வாரைப் பிடித்து இழுத்துத் தன்னைத்தானே தரையிலிருந்து தூக்கிக்கொள்வது என்று அமெரிக்காவில் ஒரு வழக்கு உண்டு. நடக்காத காரியத்துக்குச் சொல்வார்கள். நம் பக்கத்தில் தன் தோளில் தானே ஏறி நிற்பது மாதிரி.

கம்ப்யூட்டர் தினம் காலையில் செய்வது இந்த நடக்காத காரியத்தைத்தான். டிஸ்க்கைப் படிக்க அதற்கு ஒரு ப்ரோக்ராம் வேண்டும். அந்த ப்ரோக்ராமோ டிஸ்க்கில் இருக்கிறது. சாவி பெட்டிக்குள், பெட்டி பூட்டியிருக்கிறது. இதற்காகவே மதர்போர்டில் ஒரு சில்லில் குட்டி ப்ரோக்ராம் ஒன்றை அழியாமல் எழுதிவைத்திருக்கிறார்கள். கரண்ட் வந்ததும் முதலில் எழுவது அதுதான். அது டிஸ்க்கின் ஆரம்பத்தைப் படித்து, அங்கிருப்பவரை எழுப்பும். அவர் அடுத்தவரை எழுப்புவார். அதனால்தான் கம்ப்யூட்டரை 'பூட்' பண்ணுகிறோம்.

வீட்டு கம்ப்யூட்டர் வரைக்கும் இது சரி. சில சர்வர்களுக்கு வயிற்றில் டிஸ்க்கே கிடையாது. விண்டோஸோ லினக்ஸோ, அவற்றின் மொத்த உயிரும் பக்கத்து அலமாரியில் 'ஸ்டோரேஜ்' என்கிற தனிப் பெட்டியில் இருக்கும். ஏழு கடல் தாண்டி, கிளிக்குள் உயிரை வைத்திருக்கும் மந்திரவாதி போல. நடுவில் ஒரு நெட்வொர்க் கேபிள், அவ்வளவுதான்.

எதற்கு இந்த வம்பு? லாபம் இருக்கிறது. சர்வர் செத்துப்போனால் டிஸ்க்கைக் கழற்றி மாட்ட வேண்டாம். இன்னொரு சர்வரிடம் 'இனிமேல் அந்தக் கிளி உன்னுடையது' என்று சொன்னால் போதும், சில நிமிஷங்களில் அது பழையவராக எழுந்துவிடும்.

யோசனை ஒன்றும் புதிதல்ல. 90களில் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டவர்களுக்கு நாவல் நெட்வேரும் 'டிஸ்க்லெஸ் நோட்'களும் நினைவிருக்கும். ப்ளாப்பி நுழைக்க வாய் இராது. மாணவர்கள் கேம்ஸும் வைரஸும் கொண்டுவர முடியாது என்பதில் இன்ஸ்டிட்யூட்காரருக்குப் பரம சந்தோஷம். எங்கோ ஒரு மூலையில் கேபிள் கொஞ்சம் லூஸானால் வகுப்பே உட்கார்ந்துவிடும் என்பதில் மாணவர்களுக்குச் சந்தோஷம்.

இப்போதைய முறைக்குப் பெயர் ஐ-ஸ்கஸி. 'ஸ்கஸி' என்பது கம்ப்யூட்டரும் டிஸ்க்கும் பேசிக்கொள்ளும் பாஷை, 1986-லேயே அமெரிக்க ஸ்டாண்டர்டு ஆகிவிட்டது. அந்தப் பாஷையைக் கவரில் போட்டு, இன்டர்நெட் விலாசம் எழுதி, சாதாரண நெட்வொர்க்கில் அனுப்பினால் அது ஐ-ஸ்கஸி. 2004-ல் விதிமுறைகள் அதிகாரபூர்வமாக வந்தன. டிஸ்க்குடன் பேச இனிமேல் தனி கேபிள், தனி கார்டு என்று செலவழிக்க வேண்டாம் என்பதால் நடுத்தரக் கம்பெனிகளுக்கு ரொம்பப் பிடித்துப்போயிற்று.

ஆனால் பூட் ஆவது இப்போது ரிலே ரேஸ். முதலில் ஓடுவது நெட்வொர்க் கார்டில் இருக்கும் குட்டி ப்ரோக்ராம். அது ஸ்டோரேஜ் பெட்டியைத் தேடிப் பிடித்து, பெயரும் பாஸ்வேர்டும் சொல்லி உள்ளே போய், 'இதோ பார், இது உன் சொந்த டிஸ்க்தான்' என்று சர்வரை நம்பவைக்க வேண்டும். இந்தப் பொய்யை சர்வர் நம்பி விண்டோஸைப் பாதி ஏற்றியதும், விண்டோஸ் தன் சொந்த டிரைவரை எழுப்பி அதே கார்டைத் தன் கைக்கு எடுத்துக்கொள்ளும். கோலைக் கைமாற்றும் இடம் அது. விலாசம், பெயர் எல்லாவற்றையும் மெமரியில் ஒரு சீட்டில் எழுதிவைத்துவிட்டு முன்னவர் விலகுவார். பின்னவர் அதைப் படித்துத் தொடர்வார். ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸில் டிரைவர் மாறுவது மாதிரி.

இதில் எந்த இடத்தில் தவறினாலும் திரையில் வருவது அநேகமாக ஒரே செய்தி: பூட் பண்ண டிஸ்க் இல்லை. அதைப் படித்தவர்கள் டிஸ்க் போய்விட்டது என்று அர்த்தம் பண்ணிக்கொள்கிறார்கள். போஸ்ட்மேன் 'வீடு பூட்டியிருக்கிறது' என்று எழுதித் திருப்பிய கவரைப் பார்த்து, ஆசாமி காலமாகிவிட்டார் என்று பதினாறாம் நாள் காரியத்துக்கு ஏற்பாடு செய்வது போல.

ஒரு மாவட்டத் தலைநகர். தனியார் மருத்துவமனை. பெயர் வேண்டாம். நண்பரின் மகன் அங்கே சிஸ்டம்ஸ் பார்க்கிறான். ஞாயிற்றுக்கிழமை மின்வாரியத்தின் பராமரிப்பு ஷட்டவுன். ஜெனரேட்டர் மாற்றும்போது என்ன நடந்ததோ, சர்வர் ரூமில் மொத்தமும் ஒருமுறை படுத்து எழுந்தது. எழாமல் போனது நெட்வொர்க் ஸ்விட்ச், அதாவது எல்லா கேபிளும் வந்து கூடும் பெட்டி. நல்ல வேளையாக அலமாரியில் புதிதாக ஒன்று இருந்தது. கேபிள்களை அதே வரிசையில் மாட்டிவிட்டான். ஸ்டோரேஜ் எழுந்தது. சர்வர் மட்டும் 'டிஸ்க் இல்லை' என்றது. நோயாளிகளின் ரெக்கார்ட், லேப் ரிசல்ட், பார்மஸி பில் எல்லாம் அதில்தான்.

இரவு பதினொன்றரைக்கு போன்.

"அங்கிள், தூங்கிட்டீங்களா?"

இந்தக் கேள்விக்குத் தூங்கினவர்கள் யாரும் 'ஆமாம்' என்று பதில் சொன்னதில்லை.

"சொல்லுப்பா."

சொன்னான். அதற்குள் மூன்று கம்பெனிக்காரர்களை ஒரே போன் காலில் கூப்பிட்டுப் பேசியாகிவிட்டது. சர்வர்காரர் 'எங்க கார்டு நல்லாருக்கு, ஸ்டோரேஜைப் பாருங்க' என்றார். ஸ்டோரேஜ்காரர் 'எங்க பக்கம் எல்லாம் பச்சை, நெட்வொர்க்கைப் பாருங்க' என்றார். ஸ்விட்ச்காரர் 'லிங்க் இருக்கே, சர்வரைப் பாருங்க' என்றார். சம்பந்தி வீட்டுச் சண்டையில் கல்யாணப் பெண் போல இவன் நடுவில் நின்றான். ஒரு விஷயம் சொல்ல வேண்டும். மூன்று பேருமே பொய் சொல்லவில்லை.

"இப்ப ஒரு இன்ஜினியர் வந்திருக்கார் அங்கிள். ஸ்டோரேஜ்ல அந்த டிஸ்க்கை டெலிட் பண்ணிட்டுப் புதுசா க்ரியேட் பண்ணி, விண்டோஸ் ஃப்ரெஷ்ஷா போட்டுடலாம், காலைல ஓ.பி.க்கு ரெடியாயிடும்கறார். அட்மின் மேடமும் சரின்னுட்டாங்க. பேக்கப் வெள்ளிக்கிழமைது இருக்கு."

வெள்ளிக்கிழமை பேக்கப் என்றால் சனி, ஞாயிறு இரண்டு நாளின் ரத்தப் பரிசோதனை, அட்மிஷன், மருந்துச் சீட்டு எல்லாம் காற்றில். திங்கட்கிழமை காலை ஆபரேஷனுக்குப் படுத்திருப்பவருக்கு மறுபடி ஊசி குத்தி ரத்தம் எடுக்க வேண்டும். அதுவும் பேக்கப் ஒழுங்காகத் திரும்ப வந்தால். அதை யாராவது ஒருமுறையாவது திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறார்களா என்று நான் கேட்கவில்லை. ராத்திரி வேளையில் சில கேள்விகள் கேட்கக் கூடாது.

"ஸ்டோரேஜ் பக்கத்துல அந்த டிஸ்க் என்ன ஸ்டேட்டஸ் காட்டுது?"

"நார்மல்னு காட்டுது."

"அப்ப டிஸ்க் சாகலைப்பா. அதுக்குப் போற வழி அடைச்சிருக்கு. அவரை மவுஸ்லேர்ந்து கையை எடுக்கச் சொல்லு. காபி வாங்கிக் குடு."

இந்த மாதிரி நேரத்தில் வேலையைக் கீழிருந்து மேலே செய்ய வேண்டும். கேபிள், பிறகு ஸ்விட்ச், பிறகு விலாசம், பிறகு பெயர், பிறகுதான் பாஸ்வேர்டும் டிஸ்க்கும். பெரும்பாலோர் மேலிருந்து ஆரம்பித்து ஓட்டைப் பிரித்துவிட்டுத்தான் வாசல் கதவு வெறுமனே சாத்தியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். இன்னொரு கேள்வி அதைவிட முக்கியம்: நேற்று ஓடியதே, இன்று என்ன மாறியது? இங்கே மாறியது ஒன்றே ஒன்று. ஸ்விட்ச்.

"சர்வரை ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஸ்விட்ச் கிட்டப் போய் நில்லு. சர்வர் கேபிள் வர்ற இடத்துல சின்ன விளக்கு இருக்கும். என்ன கலர்னு சொல்லிக்கிட்டே இரு. திரையை இன்னொருத்தரைப் பார்க்கச் சொல்லு."

இன்னொருத்தர், காபி குடித்துக்கொண்டிருந்த இன்ஜினியர்.

"மஞ்சள் அங்கிள்... மஞ்சள்... இன்னும் மஞ்சள்தான்..." பின்னணியில் ஒரு குரல்: "ஃபெய்ல்ட்னு வந்துருச்சு சார்." இவன்: "மஞ்சள்... மஞ்சள்... ஆங், இப்ப பச்சை ஆயிடுச்சு!"

எனக்குத் தூக்கம் போய்விட்டது. இந்த மஞ்சளுக்கு ஒரு சரித்திரம் இருக்கிறது.

ஸ்விட்ச்சுகளை ஒன்றோடொன்று இணைக்கும்போது யாராவது தெரியாமல் ஒரு வட்டம் போட்டுவிட்டால், எல்லோருக்குமாக அனுப்பிய தகவல் வதந்தி மாதிரி சுற்றிச் சுற்றி வந்து, ஒவ்வொரு சுற்றிலும் பெருகி, நெட்வொர்க்கையே மூச்சுத் திணற அடித்துவிடும். 1985-ல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் இருந்த ரேடியா பெர்ல்மன் என்ற பெண்மணி இதற்கு வழி கண்டுபிடித்தார். ஸ்விட்ச்சுகள் தங்களுக்குள் பேசி, வட்டம் வராதபடி சில வழிகளை மூடி, மொத்தத்தையும் ஒரு மரம் போல் கிளைபிரித்துக்கொள்ளும். பெயர் ஸ்பானிங் ட்ரீ. பேப்பரோடு அதைப் பற்றி ஒரு கவிதையும் எழுதி இணைத்தார். இன்ஜினியரிங் பேப்பர்களில் அபூர்வமான பழக்கம், தொடர்ந்திருக்கலாம்.

இந்த ஏற்பாட்டில், ஸ்விட்ச்சில் யார் புதிதாகக் கேபிள் செருகினாலும் உடனே உள்ளே விடாது. 15 விநாடி காது கொடுத்துக் கேட்கும். இன்னொரு 15 விநாடி யார் எவர் என்று கற்றுக்கொள்ளும். ஆக 30 விநாடி. அதுவரை சில மாடல்களில் விளக்கு மஞ்சள். 'லிங்க் இருக்கே' என்று ஸ்விட்ச்காரர் சொன்னது நிஜம். கேபிளில் உயிர் இருக்கிறது. கதவுதான் இன்னும் திறக்கவில்லை. நாம் வீட்டில் லேப்டாப் செருகிவிட்டு அரை நிமிஷம் காத்திருந்தால் ஒன்றும் குடி முழுகாது. ஆனால் நெட்வொர்க் கார்டில் இருக்கும் குட்டி ப்ரோக்ராமுக்குப் பொறுமை கிடையாது. சில தடவை கதவைத் தட்டும். பதில் இல்லையென்றால் 'வீட்டில் யாரும் இல்லை' என்று எழுதிவைத்துவிட்டுப் போய்விடும். அது படியிறங்கும்போது கதவு திறக்கும்.

போதாக்குறைக்கு ரிலேயில் கோல் கைமாறும்போது புது டிரைவர் கார்டை ஒருமுறை உலுக்கி எழுப்பும். கேபிள் ஒரு கணம் செத்துப் பிழைக்கும். ஸ்விட்ச் 'யாரோ புது ஆள்' என்று மறுபடி ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பிக்கும். முதல் கட்டம் தாண்டிவிட்டு விண்டோஸ் பாதி ஏறி நீலத்திரையில் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

"அந்த போர்ட்ல சர்வர்தான் இருக்கு, வேற ஸ்விட்ச் இல்லைன்னு ஸ்விட்ச்சுக்குச் சொல்லிடணும். ஒரு வரிதான்."

சிஸ்கோவில் இதற்கு 'போர்ட்ஃபாஸ்ட்' என்று பெயர், மற்றவர்கள் 'எட்ஜ் போர்ட்' என்பார்கள். 2001-ல் ஸ்பானிங் ட்ரீயின் வேகமான பதிப்பு வந்த பிறகும் இதைச் சொல்லிவைக்காவிட்டால் அந்த 30 விநாடி உண்டு. பழைய ஸ்விட்ச்சில் யாரோ புண்ணியவான் இதை எழுதிவைத்திருந்தார், எங்கேயும் குறித்துவைக்காமல். அவர் இப்போது கனடாவில். புது ஸ்விட்ச் பெட்டியிலிருந்து வந்தபடியே மாட்டப்பட்டது.

ஒரு எச்சரிக்கை. சர்வரும் ஸ்டோரேஜும் இருக்கும் போர்ட்டுகளுக்கு மட்டும்தான் இந்த வரி. 'தொல்லை விட்டது' என்று ஸ்பானிங் ட்ரீயையே ஆஃப் பண்ணுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்புறம் ஒருநாள் யாராவது நர்ஸ் ஸ்டேஷன் பக்கம் ஒரு கேபிளின் இரண்டு முனையையும் சுவரில் செருகுவார்கள். அன்றைக்கு சர்வர் மட்டுமில்லை, ஆஸ்பத்திரியே நிற்கும்.

வரியைப் போட்டான். ரீஸ்டார்ட். விளக்கு உடனே பச்சை. லாகின் ஆனது. விண்டோஸ் முகம் காட்டியது. புள்ளிகள் வட்டமாகச் சுற்றின. சுற்றின. சுற்றிக்கொண்டே இருந்தன.

"அங்கிள்..." குரலில் ஈரம். அட்மின் மேடம் பக்கத்தில் வந்து நிற்பதாகக் கிசுகிசுத்தான். இன்ஜினியரும் காபியை முடித்துவிட்டார்.

மாறியது ஸ்விட்ச் ஒன்றுதான் என்றேன். அதில் இரண்டு விஷயம் மாறியிருக்கலாம் இல்லையா?

நெட்வொர்க்கில் சாதாரணமாக ஒரு பொட்டலம் 1500 பைட் வரைதான். ஸ்டோரேஜ் வைத்திருப்பவர்கள் வேகத்துக்காக 9000 வரை அனுமதிப்பார்கள். 'ஜம்போ'. இதில் நிபந்தனை, வழியில் இருக்கும் எல்லோரும் ஒத்துக்கொள்ள வேண்டும். சர்வரும் ஸ்டோரேஜும் 9000 என்று கைகுலுக்கிக்கொண்டு, நடுவில் ஸ்விட்ச் 1500-லேயே நின்றால் வேடிக்கை. பெயர், பாஸ்வேர்டு போன்ற சின்னப் பொட்டலங்கள் சுலபமாகப் போய்விடும். விண்டோஸ் ஃபைல்கள் என்று பெரிய மூட்டை வரும்போது ஸ்விட்ச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும். பிங் பண்ணினால் அருமையாகப் பதில் வரும், பிங் சின்னப் பொட்டலம் என்பதால். 8972 பைட் வைத்து, உடைக்கக் கூடாது என்று சொல்லிப் பிங் பண்ணிப் பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். அது ஏன் 8972 என்றால், விலாசம் எழுதும் செலவு 28 பைட்.

"ஸ்விட்ச்ல எம்.டி.யு. எவ்வளவு போட்டிருக்கு பாரு."

"ஆயிரத்தைநூறு."

அதை மாற்றி, ஸ்விட்ச்சை ஒருமுறை ரீஸ்டார்ட் பண்ண வேண்டியிருந்தது. பண்ணும்போது சர்வரை ஆஃப் பண்ணி வைக்கச் சொன்னேன். முதலில் ஸ்விட்ச், அது முழுசாக எழுந்த பிறகு ஸ்டோரேஜ் சரியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, கடைசியில்தான் சர்வர். கரண்ட் போய் வரும் ஊரில் இந்த வரிசைதான் பாதி வைத்தியம். ஸ்டோரேஜ் பெட்டி எழச் சில நிமிஷங்கள் எடுத்துக்கொள்ளும். எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தில் கரண்ட் கொடுத்தால் சர்வர் வந்து நிற்கும்போது ஸ்டோரேஜ் இன்னும் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்.

ஒன்றே கால் மணிக்கு லாகின் திரை வந்தது. சனிக்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் அப்படியே இருந்தன.

இது ஸ்விட்ச் கதை. வேறு விதமாகவும் வரும். சர்வரைத் திறந்து தூசி தட்டிவிட்டு நெட்வொர்க் கார்டைப் பக்கத்து ஸ்லாட்டில் செருகினால், விண்டோஸ் அதை வேறு கார்டு என்று நினைத்துக்கொண்டு நீலத்திரை காட்டும். பழைய ஸ்லாட்டிலேயே போட்டால் ஒன்றும் நடக்காதது போல் எழும். ஓடும் சர்வரில் 'புது டிரைவர் போடலாமே' என்று பழையதை அன்இன்ஸ்டால் செய்வது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டும் வேலை. டிஸ்க்குக்குப் போகும் ஒரே கயிறு அந்த டிரைவர்தான். பெயரில் ஓர் எழுத்து பிசகினாலும் ஸ்டோரேஜ் 'நீ யாரோ' என்றுவிடும். இந்தப் பெயர்கள் ஜாதகம் மாதிரி வருஷம், மாசத்தோடு வரும். மைக்ரோசாஃப்ட் தானாக வைக்கும் பெயர்களில் 1991-05 என்று இருப்பதைப் பார்த்துப் பலர் விழிப்பார்கள். அந்தக் கம்பெனி தன் இன்டர்நெட் பெயரைப் பதிவு செய்த மாதம் அது.

நிஜமாகவே பயப்பட வேண்டியது வேறொன்று. அவசரத்தில் ஸ்பேர் சர்வரில் அதே பெயர், அதே டிஸ்க் என்று போட்டு எழுப்பிவிட்டு, பழைய சர்வரை ஆஃப் பண்ண மறந்துவிடுவது. இரண்டு பேரும் ஒரே டிஸ்க்கைத் தன்னுடையது என்று நினைத்து, ஒருவர் எழுதியதன் மேல் மற்றவர் எழுதுவார்கள். திரையில் எந்தப் பிழைச் செய்தியும் வராது. இரண்டுமே கொஞ்ச நேரம் நன்றாக ஓடும். பழைய சர்வரின் கரண்ட் கேபிளைக் கையில் பிடித்துக்கொண்டுதான் புதியதை ஆன் செய்ய வேண்டும் என்பேன்.

புது ஸ்விட்ச்சின் செட்டிங் முழுவதையும் பிரிண்ட் எடுத்து ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டச் சொன்னேன். ஒட்டிவிட்டானாம். பக்கத்தில் எதை முதலில் ஆன் பண்ணுவது என்று தமிழில் ஒரு தாளும். ஜெனரேட்டர் பார்க்கிற வாட்ச்மேன்தானே ராத்திரியில் அங்கே இருப்பவர்?

போன வாரம் இன்ஜினியரின் பில் வந்ததாம். 'ஆபரேட்டிங் சிஸ்டம் ரீஇன்ஸ்டலேஷன், ஒன்று' என்று போட்டிருக்கிறது. அட்மின் மேடம் கையெழுத்துப் போடுவதா வேண்டாமா என்று என்னைக் கேட்கச் சொன்னாராம்.